போர்ல தாத்தா போட்டிருந்த அடையாள வில்லையை பத்திரமா வைக்குறது எப்படி

அடையாள வில்லைன்னா ராணுவத்துல ஆளோட பேரும் நம்பரும் குத்தி கழுத்துல மாட்டிக்குற சின்ன பில்லை. உங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருந்தா, தயவு செஞ்சு பாலிஷ் மட்டும் போட்டுடாதீங்க, அந்தக் கீறலும் கறையும்தான் அவர் அதை மாட்டிக்கிட்டு நடந்ததுக்கு சாட்சி, தேய்ச்சா நம்பரோட ஓரமும் சேர்ந்து தேஞ்சுடும்.

மொதல்ல எதுல செஞ்சதுன்னு பாருங்க. பிரிட்டிஷ் ராணுவத்துல 1916லேர்ந்து ரெண்டு ஃபைபர் வில்லை (பிளாஸ்டிக் இல்ல, நாரை அழுத்தி கெட்டியாக்கி செஞ்சது) கொடுத்தாங்க, எட்டு மூலை பச்சை ஒண்ணு, வட்டமா சிவப்பு ஒண்ணு, ஆள் இறந்துட்டா சிவப்பை கழட்டி எடுத்துப்பாங்க, பச்சை உடம்போடயே இருக்கும். நினைச்சாலே மனசு கனக்குது. இந்த ஃபைபர்ல தண்ணியே படக்கூடாது, ஊறி உப்பிடும், மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால தூசி தட்டினா போதும். கயிறு நைஞ்சிருந்தாலும் மாத்தாதீங்க, அதுவும் அவர் கழுத்துல கிடந்ததுதானே.

உலோக வில்லைன்னா கையுறை போட்டு தொடுங்க, விரல் வேர்வையில இருக்குற உப்பு அரிச்சுடும். எழுத்து மங்கலா இருந்தா ரூமை இருட்டாக்கிட்டு டார்ச்சை பக்கவாட்டுல படுக்க வெச்சு அடிச்சு போட்டோ எடுங்க, பள்ளத்துல நிழல் விழுந்து ஒவ்வொரு எழுத்தா எழும்பி வரும்.

பிவிசி கவர் வேணாம். ஆசிட் இல்லாத பேப்பர்ல சுத்தி டப்பால வைங்க, கூடவே அவர் பேரு, நமக்கு என்ன உறவு, யார் கைமாறி வந்துச்சுன்னு ஒரு சீட்டுல பென்சில்ல எழுதி வெச்சுடுங்க.