மெய்நிகர் நோயாளியை வைத்துப் பாடம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ மாணவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் கேஸ், அதாவது திரையில் வரும் கற்பனை நோயாளியின் கதை, தயாரிக்கும் புது ஆசிரியர்கள், அதை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் என்னிடம் காட்டுவார்கள். நாங்கள் செய்து, பட்டு, விட்ட தவறுகளே வரிசை மாறாமல் திரும்ப வருகின்றன. ஒலி கேட்கவில்லை, லிங்க் திறக்கவில்லை என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்காததையும் கொடுத்துவிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் பார்த்த ஒரு கேஸ்: 60 வயதுக்காரர், திடீர் நெஞ்சுவலி, முதுகுவரை பாய்கிறது. முதல் திரையிலேயே வலது கையில் ரத்த அழுத்தம் 170/100, இடது கையில் 130/80 என்று போட்டாயிற்று. கீழே நான்கு விடைகள். அதில் ஒன்று மகாதமனிக் கிழிசல், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது. இரு கைகளின் அழுத்தமும் வேறுபடுவது அதற்கான தடயம். வகுப்பே சரியாகத் தொட்டது. ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்க்கத் தோன்றுவதுதானே அந்தக் கேஸில் கற்க வேண்டிய விஷயம்? அது தோன்ற, 'ஒருவேளை மாரடைப்பாக இல்லாவிட்டால்?' என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும். கிழிசல் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் வலது கரோனரித் தமனியின் வாயை எட்டினால் ஈசிஜியும் மாரடைப்பு போலவே காட்டும். அதை நம்பி ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் நோயாளியின் உயிரே போகலாம். வார்டில் இடது கை அழுத்தத்தை யாரும் குறித்துக் கொண்டுவந்து நீட்டப் போவதில்லை.

கேஸைப் பிரித்துப் போடச் சொன்னேன். முதல் திரையில் வயது, வலி, தொடங்கிய நேரம் மட்டும். தனக்குத் தோன்றும் மூன்று சாத்தியங்களை மாணவர் எழுதாமல் அடுத்த திரை திறக்காது. ஒரு கையில் அழுத்தம் கேட்டால் ஒரு கை எண்தான் வரும். விடைப் பட்டியல் கிடையாது. தவறாக மருந்து கொடுத்தால் உடனே சிவப்பில் 'தவறு' என்று காட்டவும் வேண்டாம். அழுத்தம் விழட்டும், ஏன் விழுகிறது என்று அவர்களே தேடட்டும்.

இந்த முறை நன்றாகப் படிப்பவர்களே நேராகக் கரைக்கும் மருந்துக்குப் போனார்கள். "கேஸ் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, சார்" என்றார் ஆசிரியர். கேஸ் அதேதான்.

தனியாக விட்டுவிடுவது

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். முதலாம் ஆண்டு மாணவருக்கு நீளமான கேஸ், கேட்க ஆளில்லை. 2006-ல் கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் எழுதிய கட்டுரை சாடியது இதைத்தான்: அடிப்படை தெரியாதவருக்குத் தேடி அலைவதிலேயே கவனமெல்லாம் தீர்ந்துவிடும். 1969-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி பிரச்சினைவழிக் கற்றலோடு (விரிவுரைக்குப் பதில் ஒரு நோயாளியின் பிரச்சினையை எடுத்துக்கொண்டு கற்பது) தொடங்கியபோதும் ஒவ்வொரு சிறு குழுவோடும் ஒரு டியூட்டர் உட்கார்ந்திருந்தார். சாஃப்ட்வேர் வந்துவிட்டது என்று அவரை எழுப்பி அனுப்பாதீர்கள்.

வீட்டில் பார்க்க வீடியோ கொடுத்துவிட்டு வகுப்பில் அதையே மறுபடி நடத்துவது

அடுத்த வாரம் யாரும் வீடியோ பார்க்க மாட்டார்கள்.

மேனிகின் (நோயாளி பொம்மை) பயிற்சி முடிந்ததும் கலைவது

நேரம் போதாவிட்டால் பயிற்சியைக் குறையுங்கள், அப்புறம் உட்கார்ந்து பேசுவதைக் குறைக்காதீர்கள். "அந்த மருந்தை ஏன் கேட்டீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் பலருக்குத் தாங்கள் எதை நம்பிக் கேட்டோம் என்பதே தெரியவரும்.

தேர்வு

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் மனப்பாடக் கேள்வித்தாளைக் கொடுத்தால் கேஸை யாரும் திறக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.