உள்ளிழுக்கக்கூடிய சோனாரைப் பாதுகாப்பாக இயக்கும் முறை

மீன்பிடிக் கப்பலின் அடிப்பாகத்திலிருந்து இறங்கி, ஒலியலைகளைக் கொண்டு மீன் கூட்டங்களைத் தேடும் சோனார் கருவியின் ஒலியுணரி, இறக்கப்பட்டிருக்கும் நேரமெல்லாம் எளிதில் அடிபடக்கூடிய உறுப்பாகும். ஆகவே, இறக்குவதற்கு முன் நீரின் ஆழத்தைச் சரிபார்த்து, கப்பலின் வேகத்தைத் தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். வேகம் மிகுந்தால் நீரின் விசை ஒலியுணரியைத் தாங்கும் தண்டை வளைத்துவிடக்கூடும், வளைந்த தண்டு மேலே ஏறாமல் சிக்கிக்கொள்ளும். முழுவதும் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரிந்த பின்னரே தேடலைத் தொடங்க வேண்டும்.

ஆழம் குறைந்த பகுதிக்குள் நுழையும் முன்பும், துறைமுகத்தை நெருங்கும்போதும், நங்கூரமிடும் முன்பும் ஒலியுணரியை முழுவதுமாக உயர்த்திவிடுங்கள். உயர்ந்ததை விளக்கில் உறுதிசெய்யாமல் மின்சாரத்தை நிறுத்துவது, என் கருத்தில், மிகவும் ஆபத்தான பழக்கம். திரை அணைந்துவிட்டால் தண்டு இன்னும் நீருக்குள் இருப்பது எவருக்கும் தெரியாது.

மோட்டார் பழுதானால் கைப்பிடியைக் கொண்டு தண்டை உயர்த்தலாம். ஆனால் அதற்கு முன், தூக்கும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைப் பிரேக்கரிலேயே (மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சில்) துண்டித்து, எவரும் மீண்டும் போடாதபடி அங்கே எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட வேண்டும். கைப்பிடி மாட்டியிருக்கும்போது மோட்டார் திடீரென இயங்கினால், சுழலும் கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றிய பிறகே மின்சாரத்தை இணைக்க வேண்டும்.

தண்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் சீல் வழியாக நீர் கசிகிறதா என்பதைக் கடலுக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் விளக்கடித்துப் பாருங்கள்.