சங்குப்பூ விதை முளைக்காததற்குக் காரணம் தோல்தான்

மாடியில் படர்ந்த நீலச் சங்குப்பூக் கொடியில் விதை சேர்த்து, அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கும் கொடுத்தேன். மூன்று வாரமாகியும் 20 விதையில் 2தான் முளைத்தது. அவர்கள் வீட்டிலும் இதே நிலைதான்.

முதலில் மண்ணைச் சந்தேகப்பட்டுத் தேங்காய் நார்க்கழிவு கலந்தேன். பிறகு விதை முற்றவில்லையோ என்று, கொடியிலேயே பழுப்பேறி மொறுமொறுவென்று காய்ந்த காயாகப் பார்த்துப் பறித்தேன். பலனில்லை.

ஒரு ராத்திரி ஊறவைத்தபோதுதான் பிடிபட்டது. காலையில் மூன்று விதை மட்டும் இரண்டு மடங்காக உப்பியிருந்தது. மற்றவை போட்டது போட்டபடி; நகத்தால் அழுத்தினால் கல். உள்ளே தண்ணீரே போகவில்லை.

விதையின் ஓரத்தில் சின்னத் தழும்பு ஒன்று இருக்கும், காயோடு ஒட்டியிருந்த இடம். முளை அதன் பக்கத்திலிருந்துதான் கிளம்பும். அங்கே கை வைக்காமல் எதிர்ப்புறத்தை உப்புத்தாளில் தேய்த்தேன். கருந்தோல் போய் வெளிறிய புள்ளி தெரிந்ததும் நிறுத்தி, எட்டு மணி நேரம் ஊறப்போட்டேன். அத்தனையும் உப்பின. ஆறாம் நாள் 20க்கு 18 முளை. அப்பாடா!

இப்போது விதைப் பொட்டலத்தோடு ஒரு துண்டு உப்புத்தாளும் வைத்தே கொடுக்கிறேன். தேய்த்த விதையை எடுத்து வைக்காதீர்கள். ஊறப்போடும் அன்றைக்குத் தேய்த்தால் போதும்.