கிட்னிப் பொருத்தம்: டிஷ்யூ டைப்பிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பிக்கும் ஓ பாசிட்டிவ், எனக்கும் ஓ பாசிட்டிவ், பொறவு என்ன?" கிட்னி மாற்று சிகிச்சைக்குத் தயாராகும் பல வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. ரத்த குரூப் முதல் படிதான். அதற்குமேல் செல்களின் மேலிருக்கும் எச்.எல்.ஏ. என்ற அடையாளங்களைப் பார்க்க வேண்டும். இதுதான் டிஷ்யூ டைப்பிங். இவை அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி, அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி என வருகின்றன. அதனால் கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான். பாதி பொருந்த 50, ஒன்றுமே பொருந்தாமலிருக்க 25.

நம் திருநெல்வேலிப் பக்கம் சொந்தத்துக்குள் கட்டுவது உண்டு. தாய்மாமனைக் கட்டியிருந்தால், கணவன் மனைவி இருவருக்கும் ஒரு தொகுதி பொதுவாக அமைய பாதி வாய்ப்பு இருக்கிறது. அத்தை மகன் என்றால் கால்வாசி. ஆகவே "அவர் ரத்த சொந்தமா என்ன?" என்று கணவரை ஒதுக்க வேண்டாம். சட்டமும் கணவன் மனைவியை நெருங்கிய உறவாகவே ஏற்கிறது.

முக்கியமான ஆறு அடையாளங்களில் எத்தனை பொருந்துகிறது என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அடுத்த தவறு. இப்போதைய மருந்துகளால் குறைந்த பொருத்தத்திலும் கிட்னி பல வருஷம் ஓடுகிறது. தானம் கொடுப்பவரின் செல்களைத் தாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள், நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தால்தான் பெரிய சிக்கல். நோயாளியின் ரத்தத்தைத் தானம் கொடுப்பவரின் வெள்ளையணுவோடு சேர்த்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்தான் கிராஸ் மேட்ச்.

அந்த ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது? முன்பு ஏற்றிய ரத்தம், முன்பு செய்த உறுப்பு மாற்று, பிறகு கர்ப்பம். வயிற்றில் வளரும் பிள்ளையிடம் அப்பாவின் அடையாளங்களும் உண்டு. தாயின் உடல் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி செய்துவைக்கலாம். பின்னாளில் கணவரோ மகனோ கிட்னி கொடுக்க வரும்போது அது குறுக்கே நிற்கும். கலைந்த கர்ப்பமும் இதில் சேர்த்தி. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்தப் பெண் அதைச் சொல்வாள்? டாக்டரிடம் தனியாகப் பேச ஒரு ஐந்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். எழுதித் தந்தாலும் சரி.

டயாலிசிஸ் நோயாளிக்கு ஹீமோகுளோபின் இறங்கியதும் "ஒரு பாட்டில் ரத்தம் ஏத்துங்க டாக்டர்" என்று வற்புறுத்துவதும் இதே வம்புதான். முடிந்தவரை, ரத்தம் ஊறவைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச் சத்தும் போதும். அவசரமென்றால் ஏற்றத்தான் வேண்டும். அப்போது தேதியை எழுதி வையுங்கள்.

கிராஸ் மேட்ச்சுக்கு தானம் கொடுப்பவரின் வெள்ளையணு உயிரோடு இருக்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து அந்தக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக்கு பஸ் ஏறக் கூடாது. சூடான இடத்திலும் வைக்கக் கூடாது. எப்படி, எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று லேபில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டைப்பிங் முடிவு மாறாது, கிராஸ் மேட்ச் மாறும். ஆன்டிபாடி இல்லை என்று வந்த பழைய நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் காட்டி, "எதுக்கு மறுபடியும் செலவு?" என்று கேட்காதீர்கள். நடுவில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதைச் சொல்லிவிட்டு, ஆபரேஷனுக்கு முன் புதிதாக எடுக்க வேண்டும்.