குப்பையைப் படம்பிடிக்கும் மாணவர்களுக்கு

குப்பைமேட்டைத் தூரத்தில் நின்று எடுத்தால் பார்ப்பவருக்கு அது வெறும் குவியல்தான். முழங்காலிட்டு, கேமராவைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு இறக்குங்கள். ஒரே பொருளை முன்னால் வைத்து, அது கிடக்கும் வாய்க்காலோ விளையாட்டுத் திடலோ பின்னணியில் தெரியும்படி எடுங்கள். சிகரெட் துண்டு போன்ற சிறிய பொருளின் பக்கத்தில் 30 செ.மீ. அளவுகோலை வையுங்கள், இல்லையென்றால் அதன் அளவே புரியாது. (அதன் வடிகட்டி பஞ்சு அல்ல, பிளாஸ்டிக் இழை. பலருக்கு இது தெரியாது, படக்குறிப்பில் எழுதுங்கள்.)

உச்சி வெயிலில் எடுத்தால் பிளாஸ்டிக் உறைகள் படத்தில் வெளுத்துவிடும். காலையிலோ மாலையிலோ எடுங்கள். நீரில் மிதப்பதை எடுக்கும்போது வானத்தின் பிரதிபலிப்பு மறைக்கும். நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள், போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் மாட்டும் கண்ணாடி) இருந்தால் சுழற்றிப் பாருங்கள்.

மாற்றத்தைக் காட்டும் படங்கள்தான் அதிகம் பேசும். ஓர் இடத்தைத் தேர்ந்து, நிற்கும் புள்ளியைக் குறித்து, 4 வாரம், வாரம் ஒருமுறை, அதே நேரம், அதே உயரம், ஜூம் இல்லாமல் எடுங்கள். கோணம் சற்று நகர்ந்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும். முதல் படத்தைத் திரையில் பார்த்து, ஒரு கம்பத்தையோ சுவர் விளிம்பையோ பொருத்திக்கொள்ளுங்கள்.

குப்பையை அழகுக்காக நகர்த்தி அடுக்காதீர்கள். தெரிந்துவிட்டால் மொத்தத் தொகுப்பையும் நம்பமாட்டார்கள். குப்பை பொறுக்குபவரின் முகத்தை அனுமதியின்றி எடுக்கவே கூடாது. ஊசி, உடைந்த கண்ணாடி கிடந்தால் தொடாமல் பெரியவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இடம், தேதி, என்ன பொருள், யாரால் சரிசெய்ய முடியும் என்று எழுதுங்கள்.