ஒகினாவா விழா உணவுகள்: சமைப்போரும் சாப்பிடுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாயின் தலைநகர் ஹொனலுலுவில், ஜப்பானின் தெற்குத் தீவான ஒகினாவாவின் வம்சாவளியினர் ஆண்டுதோறும் நடத்தும் பண்பாட்டு விழாவில், நடன மேடைக்கு நிகராகக் கூட்டம் சேரும் இடம் உணவுக் கடைகளே. 1900ஆம் ஆண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கென வந்திறங்கிய 26 பேரிலிருந்து வளர்ந்த சமூகம் அது. கடைகளில் உழைப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள் என்பதாலும், வருவோரில் பலருக்கு ஒகினாவா உணவு புதிது என்பதாலும், இரு தரப்பிலும் தவறுகள் நேர்வது இயல்பு.

அவற்றுள் முதலாவது, கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை மட்டும் இறைச்சியாகக் கொள்வது. கோயா சம்புரு என்பது பாகற்காயும் டோஃபு என்னும் கெட்டியான சோயாக் கட்டியும் சேர்ந்த வதக்கல் என்று கேட்டவுடன், அதை மரக்கறி உணவாக எடுத்துக்கொள்ள நமக்குத் தோன்றும். ஆனால் அதில் முட்டையும் பன்றி இறைச்சியும் சேர்வதே வழக்கம்; இறைச்சித் துண்டுகளை ஒதுக்கிவிட்டாலும், வதக்கிய கொழுப்பு பன்றியினுடையதாக இருக்கலாம், மேலே தூவிய மெல்லிய செதில்கள் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திச் சீவியவையாக இருக்கலாம். (நம் மாசிக் கருவாடும் சூரையில் செய்வதுதான்.) ஒகினாவா சோபா என்னும் நூடுல்ஸ் உணவின் தெளிந்த சாறும் பன்றி எலும்பையும் அதே உலர்மீனையும் கொதிக்கவைத்து எடுத்தது. ஆகவே மரக்கறி உண்போர் "இறைச்சி போடாமல் கொடுங்கள்" என்று கேட்பது போதாது. சாறு எதில் செய்தது, எந்தக் கொழுப்பில் வதக்கியது என்று கேட்க வேண்டும். கடைக்காரர்களும், மரக்கறித் தட்டு என்று பலகை வைப்பதானால், தனி வாணலியும் கொம்பு என்னும் கடற்பாசியில் எடுத்த தனிச் சாறும் வைத்திருப்பதே நேர்மை.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. வேர்க்கடலைப் பாலைச் சர்க்கரைவள்ளி மாவுடன் கிளறி உறையவைக்கும் ஜிமாமி டோஃபுவில் சோயா இல்லை. பெயரை நம்பி வாங்கும் வேர்க்கடலை ஒவ்வாமையாளருக்கு அது ஆபத்தானது. சோபாவின் கதை நேர்மாறானது: ஜப்பானின் பிற பகுதிகளில் சோபா என்றால் பக்வீட் என்னும் தானியம் போன்ற விதையின் மாவு சேர்ந்த நூடுல்ஸ், ஒகினாவாவிலோ அது முழுக்கக் கோதுமை. கோதுமை ஆகாதவர்கள் அதைத் தொடக்கூடாது. பக்வீட் இல்லாத பண்டத்துக்கு அந்தப் பெயர் தகுமா என்ற பிரச்சினை 1970களில் ஜப்பானிய அரசு வரை போய், 1978 அக்டோபர் 17 அன்று ஒகினாவாவுக்குச் சாதகமாக முடிந்தது. அந்த நாளை ஒகினாவாக்காரர்கள் இன்றும் சோபா தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

மேசையில் சிறு புட்டியில் நிற்கும் கோரேகுசு, அவாமோரி என்னும் அரிசிச் சாராயத்தில் காந்தாரி போன்ற சிறு மிளகாயை ஊறவைத்தது. அதைச் சாதாரண மிளகாய்ச் சாறென்று எண்ணிக் குழந்தைகளின் கிண்ணத்தில் ஊற்றிவிடக் கூடாது. பெரியவர்களுக்கும் சில சொட்டுகளே போதும்.

சமையல் பிழைகளில் அதிகம் கெட்டுப்போவது அண்டாகி. மாவு, சர்க்கரை, முட்டை கலந்து உருண்டையாக எண்ணெயில் விடும் இந்தப் பணியாரத்துக்கு மிதமான சூடு, ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ், வேண்டும். வரிசை நீளுகிறதே என்று அடுப்பைக் கூட்டினால், ஓடு உடனே சிவந்து இறுகிவிடும். உள்மாவு மெதுவாக உப்பி, மேற்புறத்தைப் பிளந்துகொண்டு வெளிவர வழியிருக்காது, நடுவில் பச்சை மாவு நிற்கும். அந்தப் பிளவுதான் நன்றாக வெந்ததன் அடையாளம். மாவை அடித்துப் பிசைந்தால் உருண்டை ரப்பராகும். எலுமிச்சையை மிஞ்சும் அளவில் விட்டால் வேக நேரமாகும். ஒரே நேரத்தில் வாணலியை நிறைத்தால் எண்ணெயின் சூடு இறங்கி, உருண்டைகள் எண்ணெய் குடிக்கும். பொரித்தவுடன் மூடிய பெட்டியில் அடைப்பதும் தவறே. ஆவி வெளியேறாமல் மொறுமொறுப்பு போய்விடும். வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஹவாயில் இதே மாவில் தோய்த்துப் பொரிக்கும் அண்டாடாக் என்னும் பண்டத்தின் உள்ளே இறைச்சி சாசேஜ் இருக்கும்.

பாகற்காயைப் பொறுத்தவரை, கசப்பை முற்றிலும் போக்க முயல்வதுதான் பிழை. உள்ளிருக்கும் பஞ்சைச் சுரண்டி, மெல்லியதாக அரிந்து, சிறிது உப்பில் வைத்தால் போதும். டோஃபுவை முதலில் தனியாகச் சிவக்க விட்டு எடுத்துவைக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறினால், காய் நீர் விட்டு, டோஃபு நொறுங்கி, பெரிய தட்டில் கூழாகக் கிடக்கும்.

விழா ஏற்பாட்டாளர்களிடம் இன்னொரு தவறும் உண்டு: பாரம்பரியம் கெடக்கூடாது என்று டப்பா இறைச்சியைச் சம்புருவிலிருந்து விலக்குவது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆட்சிக் காலத்தில் ஒகினாவாச் சமையலறைக்குள் வந்தது அது; அங்கு மூன்று தலைமுறை அதை உண்டு வளர்ந்திருக்கிறது. 1945 போரில் தீவின் பன்றிகள் பெருமளவு அழிந்தபோது, ஹவாய்வாழ் ஒகினாவாக்காரர்கள் பணம் திரட்டி 1948இல் 550 பன்றிகளை வாங்கி, ஏழு பேரைத் துணைக்கு அனுப்பி, கப்பலில் சேர்ப்பித்தார்கள். டப்பா இறைச்சி, அந்தப் பன்றிகளைப் போலவே, போர் கொண்டுவந்த பஞ்சத்தின் வரலாற்றைச் சேர்ந்தது. விலக்குவதைவிட, அது எப்போது வந்தது என்று பலகையில் இரண்டு வரி எழுதிவைத்துப் பரிமாறுவது மேல்.