மரக் கேனோ கட்டலாம்: முதல்முறை செய்பவர்களுக்கு

கையால் கட்டிய மரக் கேனோ (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால், அதன் ஒரு நுனியில் குந்தி உட்காருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை ஒட்டி மறுநுனி வரை பாருங்கள். பார்வை எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது நல்ல கை கட்டிய படகு. கட்டும்போதும் இந்தப் பார்வைதான் முக்கியம். ரம்பமும் இழைப்புளியும் அதற்கு அடுத்துதான்.

மெல்லிய மரப்பட்டைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டி, உள்ளும் புறமும் ஃபைபர்கிளாஸ் துணி போர்த்தும் முறையைச் சொல்கிறேன். 16 அடி படகு என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தை நீங்களே போடாமல், பலர் கட்டி ஓட்டிப் பார்த்த ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை அச்சு. நீளமான, நெளிவில்லாத ஒரு மேடை செய்து, அதன் மேல் பிளைவுட்டில் அறுத்த குறுக்கு அச்சுகளை 30 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். படகு கவிழ்ந்த நிலையில்தான் உருவாகும். நடுவில் நூல் பிடித்து, ஒவ்வோர் அச்சின் மையக்கோடும் நூலுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். என் முதல் படகில் ஓர் அச்சு 3 மி.மீ. விலகி நின்றது. பட்டை ஏறியதும் அந்த இடத்தில் ஒரு புடைப்பு. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. அதனால் இங்கே இரண்டு நாள் கூடுதலாகப் போனாலும் போகட்டும். அச்சுகளின் ஓரத்தில் டேப் ஒட்ட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பட்டை அச்சோடு ஒட்டிக்கொள்ளும்.

பட்டைக்கு செடார் மரம் நல்லது. எடை குறைவு, வளைந்து கொடுக்கும். 6 மி.மீ. கனம், 19 மி.மீ. அகலம் போதும். ஒரு விளிம்பில் குழிவு, மறு விளிம்பில் உருட்டு இருந்தால் வளைவிலும் இடுக்கு விழாது. குழிவு மேலே பார்க்கட்டும், பசை அதில் நிற்கும். மேல்விளிம்பில் தொடங்கி அடிப்பகுதியை நோக்கி ஏறுங்கள். நாளுக்கு நாலைந்து பட்டை ஏறினாலே நல்ல வேகம். செடார் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

அப்புறம் இழைப்பு, உப்புத்தாள். முதலில் 80-ஆம் எண் தாள், பிறகு 120. நடுவில் ஒருமுறை ஈரப் பஞ்சால் துடைத்தால் சின்னப் பள்ளங்கள் உப்பி எழும், பசைக் கறையும் தெரிந்துவிடும். கண்ணைவிட உள்ளங்கை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். மூடிய கண்ணோடு தடவிப் பாருங்கள்.

இனி ஃபைபர்கிளாஸ் துணியைப் படகின் மேல் விரித்து, அதன் மேல் எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின். அறையின் சூடு இறங்கும் மாலை நேரத்தில் பூசுங்கள். சூடு ஏறும்போது மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், பூச்சில் குமிழி விழும். கையுறை கட்டாயம். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நிறையக் கலந்து கோப்பையிலேயே வைத்தால் சூடேறி இறுகிவிடும். நடுவிலிருந்து நுனிகளை நோக்கித் தள்ளிக்கொண்டே போக, வெள்ளைத் துணி கண்ணெதிரே கண்ணாடியாகும். அதன் அடியில் வெளிறிக் கிடந்த மரம் தேன் நிறத்திலும் செம்பழுப்பிலும் ரேகை ரேகையாக எழுந்து வரும். எத்தனை படகு கட்டினாலும் அந்த நிமிடத்தில் கை தானாக நின்றுவிடுகிறது. ஆனால் நிற்காதீர்கள், எபாக்சி காத்திருக்காது. முதல் பூச்சில் துணியின் நெசவு தெரியட்டும். அடுத்த இரண்டு பூச்சில் அது மறையும்.

நன்றாக இறுகியதும் அச்சிலிருந்து தூக்கி, உள்பக்கத்துக்கும் இதே வேலை. அது முடிந்த கையோடு விளிம்புச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் பொருத்துங்கள். அவை இல்லாத கூடு தொளதொளவென்று ஆடும். ஆஷ் போன்ற உறுதியான மரம் இதற்கு ஏற்றது.

கடைசியாக வார்னிஷ். வெயிலில் எபாக்சி மஞ்சளித்துச் சிதையும் என்பதால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகையாகப் பார்த்து வாங்கி மூன்று பூச்சு கொடுங்கள். சட்டங்களின் வெட்டுமுனையில் இன்னும் ஒன்று சேர்த்தே பூசுங்கள், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.